பூட்டிய ரூமின் ஃபேன்

ஏப்ரல் 6

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்கு மூச்சு பரவாயில்லை. ஆக்ஸிஜன் மெஷினை மாட்டிக்கொண்டே பேப்பர் படிக்கிறார். நீயும் கொழுந்தனும் நலமா? போனில் பேசினால் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள். அதனால்தான் கடிதம்.

நீங்கள் வாங்கி அனுப்பிய இன்வெர்ட்டரை மாட்டியாகிவிட்டது. ஹால் மூலையில் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறது. அத்தை அதற்குப் பூப்போட்ட துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்களிடமெல்லாம் "சின்னவ அனுப்பினா" என்று ஒரே பாட்டு. இத்தனை வருஷம் இந்த வீட்டில் மாடு மாதிரி உழைக்கிறேன், என்னைப் பற்றி ஒரு வரி பாடியதில்லை.

அதுகூடப் போகட்டும். கரண்ட் போனால் எங்கெங்கே ஓடும் தெரியுமா? ஹால், மாமா ரூம், சமையலறை லைட், அப்புறம் உன் ரூம். ஆளே இல்லாமல் பூட்டிக் கிடக்கிற ரூம். வயர் இழுக்க வந்த எலக்ட்ரீஷியன், "மாடி ரூம், கீழ் ரூம், ரெண்டுல ஒண்ணுக்குத்தான் தாங்கும்" என்றார். அத்தை ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "சின்னவ ரூமுக்கே குடுங்க" என்றுவிட்டார்கள். சாயங்காலமானால் ரூமைத் திறந்து லைட் போடுகிறார்கள். மெத்தையில் பூஞ்சை பிடிக்கக்கூடாதாம், அதற்காக ஃபேனும் ஓடுகிறது. மாடியில் நானும் பிள்ளைகளும் அட்டையால் விசிறிக்கொண்டு கிடக்கிறோம்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்கு உன் மெத்தை மேல் பொறாமை.

மாடியில் வேகும்,
அக்கா

ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தைப் படித்துச் சிரித்தேன். பிறகு இரண்டாம் தடவை படித்தபோது சிரிப்பு வரவில்லை.

பொறாமை உங்களுக்கு மட்டும்தானா? அத்தை என்னிடம் போனில் பாடுகிற பாட்டை நீங்கள் கேட்டதில்லை. "பெரியவ குடுத்தாத்தான் மாமா மாத்திரையே முழுங்குறாரு." "பெரியவ இல்லேன்னா இந்த வீட்ல எதுவும் கைக்குக் கிடைக்காது." பின்னால் பிள்ளைகள் சண்டை போடும் சத்தம் வேறு. இங்கே நான் டிவியைப் போட்டால்தான் வீட்டில் பேச்சுக்குரல். உங்களிடம் வீடு முழுக்க இருக்கிறது அக்கா. எனக்கு அங்கே இருப்பது அந்த ஒரு ரூம்தான்.

அத்தை அதில் லைட்டைப் போட்டு போனில் காட்டுவார்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலையைப் பார்ப்பேன். லைனை மாற்ற வேண்டாம். உங்களுக்கு சார்ஜ் ஏற்றுகிற சின்ன ஃபேன் ஒன்று அனுப்பியிருக்கிறேன்.

உங்கள் கொழுந்தன் நலம். அவருக்கு வேலை அதிகம்.

உங்கள்,
தங்கச்சி

மே 2

தங்கச்சிக்கு,

சின்ன ஃபேன் வந்தது. பிள்ளைகள் அதற்காக அடித்துக்கொண்டதில் ஒரு இறக்கை போய்விட்டது. எனக்கு அதை வாங்கும்போதே பிச்சை வாங்குவது போலத்தான் இருந்தது.

இனி எழுதுவதை உன்னோடு வைத்துக்கொள். திங்கட்கிழமை காலை கரண்ட் இல்லை. பிள்ளைகளின் யூனிஃபார்ம் சுருங்கிக் கிடந்தது. அத்தை குளிக்கப் போனதும் சாவிக்கொத்தை எடுத்து உன் ரூமைத் திறந்தேன். உன் பிளக்கில் அயர்ன் பாக்ஸைச் சொருகினேன். அவ்வளவு செல்லமாக இழுத்த லைன்தானே, எதையும் தாங்கும் என்று நினைத்தேன். ஆத்திரமும் இருந்தது, பொய் சொல்லவில்லை.

ஒரு சட்டைக் கைகூட முடியவில்லை. இன்வெர்ட்டர் கத்தியது, எல்லாம் நின்றுவிட்டது. மாமாவின் மெஷினும் நின்றது. அவர் "கரண்ட், கரண்ட்" என்று கையை ஆட்டுகிறார், குரல் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஓடிப் போய் ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்து மாட்டினார். நான் அயர்ன் பாக்ஸைத் துண்டில் சுற்றி மாடிக்குக் கொண்டுபோய் ஒளித்தேன். முழங்கையில் சுட்டது இன்னும் ஆறவில்லை. மாமா இப்போது நன்றாக இருக்கிறார்.

எலக்ட்ரீஷியன் வந்தார். முதல் திட்டு அத்தைக்கு: "துணியைப் போர்த்தினா சூடு எங்க போகும்? அதையும் மூச்சு விட விடுங்க." அப்புறம் என் பக்கம் திரும்பி, "அயர்ன், ஹீட்டர், சூடு பண்ற சாமான் எதுவும் இதுல ஆகாது. ஒரு அயர்ன் பன்னிரண்டு ஃபேன் இழுக்கிறதை இழுக்கும்" என்றார். கேட்கவே இல்லை, கண்டுபிடித்துவிட்டார். உன் ரூம் பிளக்கை அந்த லைனிலிருந்து எடுத்துவிட்டார். மாடி ஃபேனையும் சேர்க்க முடியுமா என்று கேட்டேன். "சேர்த்தா ஓடும். ஆனா பேட்டரி சீக்கிரம் இறங்கிடும். நீங்க காத்து வாங்கிட்டு இருக்கும்போது பெரியவர் மெஷின் நின்னுடும். அது பரவாயில்லையா?" என்றார்.

ஆகவே உன் ரூமா, என் ரூமா என்பதுதான் கேள்வி. என் வீட்டுக்காரர் ஒருவழியாக வாயைத் திறந்து அத்தையிடம் பேசிவிட்டார். லைனை மாடிக்கு மாற்றப்போகிறோம். உன்னைக் கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

அக்கா

மே 14

அக்கா,

இந்தக் கடிதம் வருவதற்குள் மாற்றிவிட்டீர்களோ என்னவோ. மாற்றியிருந்தால் சொல்லாமல் இருந்த என் மேல்தான் தப்பு.

உங்கள் கொழுந்தன் இங்கே இல்லை. போன கோடையிலேயே போய்விட்டார். அவருடைய ஆபீஸில் வேலை செய்கிற ஒருத்தியோடு. அவள் வீட்டு ஜன்னல் பஸ்ஸில் போனால் தெரியும். வேறு பஸ் இருந்தாலும் அதில்தான் ஏறுகிறேன். அந்தத் திரைச்சீலையைப் பார்த்துப் பார்த்து எனக்குள் என்னவெல்லாம் எரிந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். நீங்கள் ஒரு மெத்தையைப் பார்த்தே அத்தனை எழுதியவர்.

இன்வெர்ட்டரை வாங்கி அனுப்பியது அவர் இல்லை, நான் மட்டும்தான். அத்தைக்கு எதுவும் தெரியாது.

வாடகைக் கெடு அடுத்த மாதத்தோடு முடிகிறது. என் அம்மா அப்பா போன பிறகு எனக்குப் போக ஒரு வாசல் கிடையாது, அது உங்களுக்கே தெரியும். ஒருத்திக்குப் புருஷனை விட்டுக்கொடுத்துவிட்டேன். அந்த ரூமையும் விட்டுக்கொடுக்க என்னால் முடியவில்லை. புருஷன் இல்லாமல் மாமியார் வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவது? நான் வரலாமா அக்கா? இதை உங்களிடம்தான் கேட்க முடிகிறது.

தங்கச்சி

மே 27

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தபோது எலக்ட்ரீஷியன் மாடியில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டு, "நிறுத்துங்க" என்றேன். "பாதி வயர் இழுத்தாச்சும்மா" என்றார். "பாதியோட நிக்கட்டும்" என்றேன். என் ரூம் சுவரில் அந்த ஓட்டை அப்படியே இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அத்தையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் வாயில் எதுவும் தங்காது என்று தெரிந்துதானே எழுதினாய்? மாமா மூக்குக் குழாயைக் கழற்றிவிட்டு, "அவ வரட்டும்" என்றார். அத்தை எழுந்து போய் உன் தலையணைகளை வெயிலில் போட்டார்கள். "அவன் வந்தா வாசல்ல நிக்க வச்சுக் கேப்பேன். அவளை எதுக்குக் கேக்கணும்?" என்றார்கள். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் தலையணையை யாரும் காயப்போட்டதில்லை.

உன் ரூம் லைன் உன் ரூமிலேயே இருக்கிறது. ஒரு லைட், ஒரு ஃபேன், அதற்கு மேல் கிடையாது. முடி காய வைக்கிற மெஷினைக் கொண்டுவருவாய், எனக்குத் தெரியும். கரண்ட் இருக்கும்போதுதான் அது ஓடும். பேட்டரிக்குத் தண்ணீர் பார்க்கிற வேலை இனி உனக்கு. குழாய்த் தண்ணீர் ஊற்றிவிடாதே, கடையில் அதற்கென்று விற்கிற தண்ணீர்தான்.

ஒன்றே ஒன்று. ஒரு ஃபேன் கீழே ஒருத்தர் படுத்தாலும் நாலு பேர் படுத்தாலும் அது இழுக்கிற கரண்ட் ஒன்றுதானாம். எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டேன். இனிமேல் கரண்ட் போனால் நானும் பிள்ளைகளும் பாயைத் தூக்கிக்கொண்டு உன் ரூமுக்கு இறங்கி வருவோம். கதவைத் தாழ் போடாதே.

ஃபேனுக்கு நேர் கீழே இருக்கிற இடம் எனக்கு. அதை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

சீக்கிரம் வா.

அக்கா