கேட்டுவிட்டு நிற்கிற வாத்தியார்

திண்டிவனம்
3.11.2025

மச்சான் தீனதயாளனுக்கு,

மாமன் சிங்காரம் சொல்ல, மருமகள் செண்பகம் எழுதுவது. இங்கே உன் அக்கா சுகம், மாடு கன்று சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று போனை எடுத்தால்தானே கேட்க முடியும்? காதுகுத்து வீட்டில் உன் பாடத்தைப் பார்த்து நான் சிரித்ததிலிருந்து என் நம்பர் வந்தாலே உனக்குக் கை வரவில்லை. ஆனால் கடிதத்தைப் பிரிக்காமல் போட மாட்டாய், வாத்தியார் புத்தி. அதனால்தான் இது.

பள்ளிக்கூட வேலை முடிந்ததும் உழவர் கம்பெனிக்காக நீ போனில் படம் எடுத்துக் கொடுத்த மல்லாட்டைப் பாடத்தை நாங்கள் சாயங்காலம் தோறும் பார்க்கிறோம். பக்கத்து வீட்டு ஜெயம், மேலத்தெரு ராயப்பன், உன் அக்கா எல்லோரும் உண்டு. எழுத்து தெரியாவிட்டாலும் ஒருதரம் காதில் விழுந்தது எனக்குப் போகாது. முதல் பாடத்தில் மல்லாட்டை, புத்தகத்தில் வேர்க்கடலை என்பார்களே அது, பிரேசிலில் கப்பல் ஏறியது. அது கரை சேர்வதற்குள் ஜெயம் மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்துவிட்டாள். "கப்பல் வந்தா கூப்புடு மாமா, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ராயப்பனுக்குச் சுருள் பூச்சிதான் வேண்டும். நீயோ அதைக் கடைசியில் ஒளித்து வைத்திருக்கிறாய்.

கோபம் போதும். பதில் போடு.

உன் மாமன்
சிங்காரம்

விழுப்புரம்
11.11.2025

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கோபம் இல்லை, வெட்கம்தான். ஆளே இல்லாத அறையில் கேமராவைப் பார்த்துக் கேள்வி கேட்டுவிட்டு, முப்பது வருடப் பழக்கத்தில் பதிலுக்காக நின்றிருக்கிறேன். "கடைசி பெஞ்ச், பேசாத" என்று வேறு அதட்டியிருக்கிறேன். அதற்குத்தானே சிரித்தீர்கள்?

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. பார்ப்பவர்கள் பாதியிலேயே போய்விடுகிறார்களாம். மார்கழி முடிவதற்குள் கடைசிப் பாடம் வரை ஆள் வராவிட்டால் பாடத்தையே எடுத்துவிடுவதாகக் கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். படுத்தால் தூக்கம் வரவில்லை.

ஆனால் இப்போது ஒரு வேகம் வந்திருக்கிறது மாமா. பாடங்களை ஒழுங்கு பண்ண பானுப்ரியா என்ற பெண்ணை அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "சார், மொதல்ல பூச்சி, அப்புறம்தான் கப்பல்" என்றாள். ஒரு பாடத்தை ஐந்தாக வெட்டினோம், துண்டுக்கு ஒரே விஷயம். நான் வாயை மூடிக்கொண்டு நிற்கிற இடங்களை எல்லாம் தேடித் தேடி எடுத்துவிட்டாள். இனி யாரும் சிரிக்க முடியாது. பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு
தீனதயாளன்

திண்டிவனம்
20.11.2025

மச்சானுக்கு,

புதுப் பாடம் வந்தது. பூச்சியை முன்னால் வைத்தது நல்லது, ராயப்பன் இடத்தை விட்டு அசையவில்லை. கப்பலும் ஜல்தியாகக் கரை சேர்ந்துவிட்டது. ஆனால் வீடு ஊமையாகிப் போச்சு.

முன்பெல்லாம் நீ கேள்வி கேட்டுவிட்டுச் சாக்பீஸைத் தட்டிக்கொண்டு நிற்பாய். அதற்குள் ஜெயம் ஒன்று சொல்வாள், ராயப்பன் ஒன்று சொல்வான், உன் அக்கா அடுப்படியிலிருந்து ரெண்டு பேரையும் ஏசுவாள். இப்போது நாங்கள் வாய் திறப்பதற்குள் நீயே பதில் சொல்லிவிடுகிறாய். "உங்க மச்சான் நம்மள கேக்கறாரா, அவரையே கேட்டுக்கினு போறாரா?" என்கிறாள் ஜெயம். நேற்று அவள் வரவில்லை.

காதுகுத்து வீட்டில் நான் ஏன் சிரித்தேன் என்று நீ கேட்கவே இல்லை. மல்லாட்டைப் பூவிலிருந்து விழுது மண்ணில் இறங்கினபிறகு களை கொத்தலாமா என்று கேட்டுவிட்டு நின்றாய். நான் வாய்க்குள்ளேயே கூடாது என்றேன். உடனே நீ, "சரி. உட்கார்" என்றாய். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவன் நான். என்னை ஒரு வாத்தியார் கேள்வி கேட்டு, பதிலுக்கு நின்று, சரி என்றும் சொன்னது அன்றைக்குத்தான். சந்தோஷம் தாங்காமல் சிரித்தேன். நீ போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாய்.

வெட்டியதைத் திரும்பப் போடு.

சிங்காரம்

விழுப்புரம்
22.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

போட்டுவிட்டேன். பானுப்ரியாவுக்கு முதலில் நம்பிக்கை இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டுதரம் படித்தவள், ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நிற்கச் சொன்னாள், பதில் அடுத்த துண்டில் வருமாம். அந்தப் பதிலுக்காகவே ஆட்கள் வருகிறார்கள் மாமா. காணையிலிருந்தும் அனந்தபுரத்திலிருந்தும் கடைசிப் பாடம் வரை வந்திருக்கிறார்கள். நேற்று கம்பெனியில் கூப்பிட்டு, பாடம் இருக்கட்டும், அடுத்து எள்ளுக்கும் எடுங்கள் என்றார்கள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

கடைசிப் பாடத்தின் கேள்வி உங்களுக்காகவே கேட்டது. பேரும் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பதில் எந்தப் பாடத்திலும் வைக்கவில்லை.

உங்கள்
தயாளன்

திண்டிவனம்
29.12.2025

என் மச்சானுக்கு,

பார்த்தேன். "சிங்காரம் மாமா, நீங்க சொல்லுங்க. மல்லாட்டை மேலே பூக்குது, மண்ணுக்குள்ள ஏன் காய்க்குது?" என்று என் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிட்டு நின்றாய். வீடே திரும்பி என்னைப் பார்த்தது.

மீசை முளைத்த நாளாக மல்லாட்டை போடுகிறேன். இதை யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் கேட்டுக்கொண்டதில்லை. "வெக்கப்பட்டுக்கினு உள்ள போவுது" என்கிறாள் ஜெயம். அது பதில் இல்லை என்று மட்டும் தெரிகிறது.

எனக்குத் தெரியவில்லை மச்சான். பதில் தெரியாதவன் எழுந்து நிற்க வேண்டுமாமே, செண்பகம் சொன்னாள். நிற்கிறேன். பொங்கலுக்கு வந்து பதிலைச் சொல்லி, உட்காரச் சொல்.

சிங்காரம்