அவிழ்க்காத உருண்டை

ஆம்பூர்,
வெள்ளிக்கிழமை

சஹரின் அப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் சஹரும் உங்கள் தங்கை மஹ்பூபியும் நலம். உங்கள் பழைய உலக உருண்டைகளும், ஒன்றைத் தவிர, நலம். அந்த ஒன்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போதே பதறி எழுந்து உட்கார வேண்டாம்.

போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது வார்த்தை சொல்வீர்கள். அதனால்தான் கடிதம். எத்தியோப்பியாவில் உங்கள் தோல் தொழிற்சாலைக்கே வேலைக்கு வரும் முக்தார் அகமது கையில் கொடுத்தனுப்புகிறேன். கூடவே ஆற்காடு மக்கன் பேடாவும் வருகிறது. வழியில் அவர் தின்று தீர்க்காமல் இருந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

சஹருக்கு வேலூர் வேலை பிடித்துப்போய்விட்டது. காலை பஸ்ஸில் உட்கார இடமில்லை என்பது மட்டும்தான் புகார். இங்கே நல்ல மழை. பாலாற்றில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கப் பாலத்தில் கூட்டம் ஜாஸ்தி. நானும் ஒருநாள் போய் நின்றேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வேலை ஒப்பந்தத்தை இன்னும் மூன்று வருஷம் நீட்டப் போவதாகச் சொன்னீர்கள். உருண்டைகள் வீட்டை அடைத்துக்கொண்டு கிடக்க வேண்டாம், பழம்பொருள் வாங்கும் சென்னை செல்வகுமாரிடம் கொடுத்துவிடு என்றும் சொன்னீர்கள். அவரும் சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்துவிட்டார்.

அதற்கு முதல் நாள்தான் அந்த வினை நடந்தது. உருண்டைகளை உலர்ந்த துணியால் மட்டும் துடைக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். மஹ்பூபிக்குத் தெரியாதே. ஷூ கம்பெனியில் ஃபினிஷிங் செக்‌ஷனில் பழகிய கை. பழுப்பேறி வெடித்த எதைக் கண்டாலும் அவளுக்குத் தோல்தான். நான் கடைக்குப் போய் வருவதற்குள் உங்கள் பெரிய லண்டன் உருண்டைக்கு ஷூ கிரீம் தடவி, பிரஷ் போட்டு மினுக்கி வைத்துவிட்டாள். அரபிக்கடல் முழுக்கச் செருப்புப் பழுப்பு, டேன் கலர். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "காஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சு பாபி, பாவமா இருந்துச்சு" என்றாள். திட்ட மனம் வரவில்லை. நீங்களும் திட்டாதீர்கள்.

செல்வகுமார் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். இது வேண்டாம், மற்றவற்றை எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஒன்றாவது தங்கியதே என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இவையெல்லாம் என் சக்களத்திகள் என்று தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தவள் நான். அவருடைய ஆள் அடுத்த உருண்டையைச் சாக்கில் சுற்ற ஆரம்பித்தபோதுதான் புரிந்தது. தன் உருண்டைகளையே ஒழிக்கச் சொல்லும் மனிதருக்குத் திரும்பி வரும் எண்ணம் விட்டுப்போய்விட்டது.

"எதையும் தர்றதா இல்லீங்க. எறக்கி வெச்சிடுங்க. அவரு வருவாரு" என்றேன். டீ கொடுத்து அனுப்பிவிட்டேன்.

சஹர் கல்யாணச் செலவுக்காகத்தான் இங்கே இருக்கிறேன் என்பீர்கள். அவளிடமே கேட்டேன். கல்யாணத்தில் எது கம்மியானாலும் பரவாயில்லை, அப்பா பக்கத்தில் இருக்க வேண்டும் என்றாள்.

அன்றைக்கு உங்கள் ஊரை உருண்டைகளில் தேடினேன். எத்தியோப்பியா என்று ஒன்றிலும் இல்லை. அபிசீனியா என்று போட்டிருப்பதைச் சஹர்தான் காட்டினாள். அதுதான் நம்மவர்கள் சொல்லும் ஹபஷா. மக்காவில் கொடுமை தாங்காமல் நபிகளின் தோழர்களான ஸஹாபாக்கள் அடைக்கலம் தேடிப் போன நாடு. அவர்களை அங்கே மரியாதையாக வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் காலம் வந்ததும் தங்கள் மனிதர்களிடம் திரும்பிவிட்டார்கள். மதரஸாவில் உங்களுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

இன்னொரு விஷயம். நேற்று பேடா வாங்க ஆற்காடு போனேன். கடைக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வாசலில் கிடந்த சாமான்களுக்கு நடுவே ஓர் உருண்டை. பித்தளை வளையம் உண்டு, மரக்கால் உண்டு. என் கால் நகரவில்லை. கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். செய்தவர் பெயரும் வருஷமும் ஒரு வட்டத்துக்குள் பொடி எழுத்தில் இருக்கின்றன. சஹர் படித்துப் பார்த்துவிட்டு, அப்பா இத்தனை வருஷமாகத் தேடியது இதுதான் என்று குதித்தாள்.

அது என்ன பெயர் என்று சொல்ல மாட்டேன். அவளிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறேன். போட்டோ கேட்காதீர்கள், வராது. என் சேலையில் சுற்றி முடிச்சுப் போட்டு, மஹ்பூபிக்கு எட்டாமல் பீரோ மேல் வைத்திருக்கிறேன். முடிச்சை நீங்கள்தான் வந்து அவிழ்க்க வேண்டும்.

அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தையும் நல்ல தூக்கத்தையும் தரட்டும். அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கும்போது அதில் மை இல்லாமல் போகட்டும். ஐந்து வேளைத் தொழுகையிலும் இதைத்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அஃப்ஸர் ஜஹான்