வலது கண்ணை மூடி வை

அன்புத் தங்கைக்கு,

நலமா என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. உன் உதடு ஆறிவிட்டதா, அதை மட்டும் எழுது. வீட்டுக்கு அனுப்பினால் உன் கணவர் பிரித்துவிடுவார் என்பதால் இதை நீ வேலை பார்க்கும், பாப்பாவும் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறேன்.

அவர் உன்னையும் பாப்பாவையும் என் வீட்டிலிருந்து இழுத்துக்கொண்டு போன மறுநாள் ஒரு காவலர் வந்தார். உன் கணவருக்கு நெற்றியில் தையல் போட்டிருக்கிறதாம். "படிச்சவங்க நீங்க, வீட்டு மாப்பிள்ளைய வாணலியாலயா அடிப்பீங்க மேடம்?" என்றார். "இங்கேயே இருந்திருந்தா தையலும் நானே போட்டிருப்பேன், எனக்கு அதுதாங்க வேலை" என்றேன். பாவம், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

அன்று நீ மயங்கிக் கிடந்தாய். அதனால் நடந்ததைச் சொல்கிறேன். உன் தலையைக் கதவில் மோதியபின் அவர் பாப்பாவிடம் போனார். "என் புள்ளைய ஒத்தக்கண்ணியாக்கி ஊர் சிரிக்க வைக்கிறீங்களா அக்காவும் தங்கச்சியும்? உன் பூனை வைத்தியத்தப் பூனையோட வச்சுக்கோ" என்று கத்தியபடி அவள் வலது கண்ணில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பிய்த்தார். இமைமுடியும் தோலும் சேர்ந்து வந்தன. அவள் அழவேயில்லை. அப்போதுதான் வாணலியை எடுத்தேன்.

பூனை வைத்தியம் என்றாரே, அதைப் பற்றி உனக்கு நான் ஒழுங்காகச் சொன்னதில்லை. எங்கள் ஆய்வுக்கூடத்தில் பிறந்து சில வாரமே ஆன பூனைக்குட்டிக்கு மயக்கம் கொடுத்து ஒரு கண்ணின் இமைகளைச் சேர்த்துத் தைப்பேன். சில மாதம் கழித்துப் பிரித்துப் பார்த்தால் கண் பளிங்கு மாதிரி இருக்கும். ஆனால் அந்தக் கண்ணால் பூனை எதையும் பார்க்காது. வேலை கிடைக்காத கண்ணை மூளை கைவிட்டுவிடுகிறது. குட்டியாக இருக்கும்போதே நல்ல கண்ணைத் தைத்துவிட்டால் கைவிட்ட கண் திரும்பப் பழகிக்கொள்ளும். வளர்ந்தபின் எதைத் தைத்தும் பயனில்லை.

பாப்பாவின் இடது கண்ணும் அப்படி மூளை கைவிட்டதுதான். நல்ல கண்ணை மூடினால்தான் அது பிழைக்கும், அதுவும் இந்த வயதில்தான். பெரியவளானதும் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் சொல்வதை நீயும் திருப்பிச் சொல்லாதே.

செங்குத்தான கோடுகளை மட்டுமே காட்டி வளர்த்த குட்டிகளும் எங்களிடம் இருந்தன. குறுக்கே ஒரு கம்பியைப் படுக்கைவசமாக நீட்டினால் நேராக வந்து அதில் மோதிக்கொள்ளும். பார்த்துப் பழகியது மட்டும்தான் அவற்றின் கண்ணுக்குத் தெரியும். நீங்கள் வந்த அன்று மேல் தட்டிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுக்கக் கையை உயர்த்தினேன். பாப்பா இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அப்போது அவள் நல்ல கண்ணில் பிளாஸ்திரி இருந்தது. கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகையில் பெரிய எழுத்தைக்கூடக் காணாத இடது கண், என் கையைக் கண்டுவிட்டது.

அவரை அடித்ததற்கு வருத்தமில்லை. ஆனால் வாணலியை ஓங்கியபோது பாப்பா அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மனதை விட்டுப் போகவில்லை.

உறையில் பிளாஸ்திரிகள் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் நீ பக்கத்தில் இருக்கும் நேரத்திலாவது ஒட்டிவிடு. அதற்கும் வழியில்லை என்றால் எதையும் மூட்டை கட்டாதே, பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறு. என் வீட்டுக் கதவுக்குப் புதுத் தாழ்ப்பாள் போட்டாயிற்று.

பாப்பாவின் இடது கண்ணுக்குப் பெரியம்மாவின் முத்தம். நீங்கள் எந்தப் பேருந்தில் வந்தாலும் நிலையத்தில் நிற்பேன். கையை உயர்த்திக் காட்ட மாட்டேன். கீழே தொங்கவிட்டபடிதான் நிற்பேன், அவளிடம் முன்னாலேயே சொல்லிவை.

உன் வரவுக்காக,
அக்கா