கிள்ளைக் கடையில் ஆப்பிள் கேட்டவர்கள்

இன்று காலை கடலோரத்துக் கிள்ளை ஊரின் கடைத்தெருவில் பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே கருவாட்டு வாசம் மூக்கில் ஏறியது. என் பின்னால் இறங்கிய மாணவிகள் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். உன் ஞாபகம் வந்துவிட்டதடி. நீ இருந்திருந்தால், "பொத்தாதீங்க, இதுவும் பாடந்தான்" என்று அதட்டியிருப்பாய்.

சிதம்பரத்தில் மருத்துவ மாணவர்களுக்கு வகுப்பெடுக்க நாம் இருவரும் சேர்ந்தது 2004இல். மாத்திரை எழுத இத்தனை வருஷம் கற்றுக்கொடுக்கிறோம், நோயாளி என்ன சாப்பிடுவது, உடம்பை எப்படி அசைப்பது என்று ஒரு மணி நேரம்கூடச் சொல்லித்தருவதில்லையே என்று நீதான் முதலில் கொதித்தாய். துறைத்தலைவர் சிரித்தார். "பரீட்சைல வராத பாடத்த எவம்மா கேப்பான்?" நீ விடவில்லை. நச்சரித்து நச்சரித்து, யாருக்கும் வேண்டாத சனிக்கிழமை மத்தியான நேரத்தை வாங்கினாய். உண்ட மயக்கத்தில் தூங்கி வழியும் பிள்ளைகளிடம் சாப்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும்! நல்ல கொடுமை.

முதல் வருஷம், சர்க்கரை நோயுள்ள ஒரு கிள்ளை மீனவப் பெண்ணுக்கு உணவு எழுதச் சொன்னாய். ஓட்ஸ், ஆப்பிள், சப்பாத்தி என்று எழுதிக் கொண்டுவந்தார்கள். நீ திட்டவே இல்லை. "சரி, அந்த ஊர்லயே போயி வாங்கிட்டு வாங்க. எழுதுனவங்கதான் ஒரு வாரம் அதச் சாப்புடணும்" என்றாய். வெயிலில் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். "ஆப்பிளா? ஏம்மா, யாரு ஆஸ்பத்திரில இருக்காங்க?" என்று கடைக்காரர் கேட்டாராம். வெறுங்கையோடு திரும்பியவர்கள் மறுபடி எழுதினார்கள்: கேழ்வரகு, முருங்கைக்கீரை, குழம்பு மீன், சோறு பாதி. அன்றைக்கு நாம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் வருவாய். பஸ் நிலையத்திலிருந்து கல்லூரி வரை நடைதான். ஆட்டோக்காரர்களுக்கே உன்மேல் வருத்தம். "நடன்னு சொல்ற வாயி மொதல்ல நடக்கணும்டி" என்பாய்.

அப்படி நடந்தவள் 2009இல் ஒரு நாள் காலை மாரடைப்பில் போய்விட்டாய்.

உன் காரியம் முடிவதற்குள்ளேயே ஆசிரியர் அறையில் பேச்சு கிளம்பியது. "அவ்ளோ நடந்து, அவ்ளோ கீரை தின்னு, என்ன பிரயோஜனம்?" துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். "அந்த மணி நேரத்த சர்ஜரில கேக்குறாங்க. குடுத்துடலாமா?" எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "இந்த சனிக்கிழமை நான் எடுக்கிறேன் சார். அப்புறம் பேசுவோம்" என்று வந்துவிட்டேன்.

வகுப்பில் கடைசி வரிசைப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கி எழுந்தான். "அந்த மேடமே போய்ட்டாங்களே மேடம். நாங்க எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நோயாளிகிட்ட இதச் சொல்றது?"

அவன் பக்கத்தில் போய் நின்றேன். சொன்னேன்: "நடந்தா சாவு வராதுன்னு அவுங்க ஒரு நாளும் சொன்னதில்லப்பா. இருக்கற வரைக்கும் மூச்சு வாங்காம படி ஏறணும், அடுத்தவங்க கைய எதிர்பாக்காம நம்ம வேலைய நாமளே பாக்கணும். அதுக்குத்தான் நடக்கச் சொன்னாங்க. நீயும் அதயே சொல்லு. ஜாஸ்தியா ஒரு பொய்யும் சேக்காத."

அன்று ஒருவரும் தூங்கவில்லை. நேராகத் துறைத்தலைவர் அறைக்குப் போய், "குடுக்க முடியாது சார்" என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், கால அட்டவணையை மடித்து இழுப்பறையில் வைத்தார்.

இது 2012. அந்த மணி நேரம் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது; வருஷா வருஷம் பிள்ளைகளைக் கிள்ளைக் கடைக்கும் கூட்டிப்போகிறேன். போன வருஷம் கல்லூரித் தேர்வில் அதிலிருந்து ஒரு கேள்வியும் வந்துவிட்டது, சண்டை போட்டு வாங்கியதுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் வகுப்புக்கு முன்னால் உன்மேல் எனக்குக் கோபம் பொங்கும். எல்லாத்தையும் என் தலையில கட்டிட்டுப் பாதியில போயிட்டியேடி, பாவி, என்று மனசுக்குள் ஆசை தீரத் திட்டுவேன். திட்டி முடித்து, முகம் கழுவிக்கொண்டு, உள்ளே போய்ப் பாடத்தைத் தொடங்குவேன்.