நோட்டு தீர்ந்த இடம்

என் பிரியமுள்ள சீதா அக்கா,

நீ கண்ணை மூடி நாலு மாதமாகிறது. கரமனை வீட்டில் எல்லோரும் சௌக்கியம். உன் புத்தகம்தான் இன்னும் அச்சுக்குப் போகவில்லை. நீ எழுத்தாளரான கதையை நீயே சொல்லும் புத்தகம். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. பதிப்பகத்தில் நச்சரிக்கிறார்கள்.

பள்ளியில் மலையாளம் படித்த எனக்குத் தமிழ் எழுத்து கைவந்ததே நீ சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்துதான். யோசிக்காமல் அடிப்பேன். நடுவில் நீ "டேய், ஃபேனைக் குறைடா" என்றால் அதையும் அடித்துவைப்பேன். நீ சிரித்துக்கொண்டே வெட்டுவாய்.

போன மாதம் ஒரு சாயங்காலம், பழக்கதோஷத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். கை தானாக ஓடியது. அரைப் பக்கம் ஆனபின் படித்தால், அப்படியே உன் நடை! நடுவில் "ஃபேனைக் குறைடா, குளிர்றது" என்று ஒரு வரி. அம்மாடி, உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எழுந்து போய் ஃபேனைக் குறைத்தேன். பயந்தேன்தான், ஆனால் சந்தோஷமாகவும் இருந்தது அக்கா. அப்புறம் தினமும் உட்கார்ந்தேன்.

பத்தாம் நாள் வந்தது இது: 'என் முதல் கதை என்னுடையதில்லை. போனக்காட்டு இசக்கியம்மாளுடையது.' அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை. போனக்காட்டுத் தேயிலை எஸ்டேட் பள்ளியில் நீ இரண்டு வருஷம் டீச்சராக இருந்தது மட்டும் தெரியும்.

பஸ் பிடித்துப் போனேன். இசக்கியம்மாள் இப்போது இல்லை. மகள் இருக்கிறாள். "எங்கம்மா கொழுந்து பறிச்சிட்டு வந்து எழுதிக்கிட்டே கெடக்கும் சார். ஒரு நோட்டை டீச்சர் படிக்கன்னு வாங்கிட்டுப் போனாங்க, திரும்பி வரல. ரெண்டாவது நோட்டு இந்தா இருக்கு" என்று எடுத்து நீட்டினாள்.

திறந்தேன். பாதி வாக்கியத்தில் தொடங்குகிறது. அதன் முன்பாதி உன் முதல் கதையின் கடைசி வரி. அப்படிப் பட்டென்று நிற்கிற அந்த முடிவுக்காகத்தானே எல்லோரும் உன்னைக் கொண்டாடினார்கள்? அங்கே அந்தம்மாவுக்கு நோட்டு தீர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஏன் அக்கா? திருப்பிக் கொடுக்க ஒருநாள்கூடத் தோன்றவில்லையா?

நேற்று உட்கார்ந்தபோது திரையில் விழுந்தது: "அந்த இசக்கியம்மாள் வரியை எடுத்துடு, கேட்டியா." நீயே சொல்லிவிட்டு நீயே எடுக்கச் சொன்னால் எப்படி? மூன்று தடவை அதுவே வந்தது. பிறகு, "எடுக்காட்டா நான் இனிமே வரமாட்டேனாக்கும்." அதற்குமேல் ஓர் எழுத்தும் வரவில்லை.

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. உன் குரல் இல்லாத சாயங்காலத்தை நினைத்தால், உன்னை இன்னொரு தடவை சாகக் கொடுக்கிற மாதிரிதான் இருக்கிறது.

ஆனாலும் அந்த வரி புத்தகத்தில் இருக்கும் அக்கா. இரண்டாவது நோட்டும் சேர்ந்து முழுக்கதையும் இசக்கியம்மாள் பெயரில் வரும். இது சத்தியம். கோபமிருந்தால் ஒரே ஒரு தடவை வந்து திட்டிவிட்டாவது போ.

முதல் தடவையாக உன் பேச்சைக் கேட்காத
உன் தம்பி,
ரமணி