குறிஞ்சிப்பாடி வரைக்கும் பெட்ரோல்

நேற்றுக் காலை மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது வண்டியில் அந்த ஆரஞ்சு விளக்கு எரிந்தது. பெட்ரோல் பங்க் எதிரிலேயே இருந்தது. போட்டுக்கொண்டு வர வேண்டியதுதான், யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனாலும் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் திருப்பவில்லை. வண்டியை ஓரங்கட்டினேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் தள்ளிப்போட்டுவிட்டேன். நேற்று தள்ளிப்போட முடியவில்லை.

பதினாறு வருஷம் உன் குவார்ட்டர்ஸும் என் குவார்ட்டர்ஸும் ஒரே சுவர். நிலக்கரி மைன்ஸில் உன் வீட்டுக்காரருக்குக் கீழேதான் என் வீட்டுக்காரர் வேலை பார்த்தார். நம் இருவருக்கும் நடுவே அந்த மேல் கீழ் வந்ததே இல்லை. ஒரே ஒரு நாள் வந்தது. அதை நான்தான் கொண்டுவந்தேன்.

நம் தெருவில் முதலில் கார் ஓட்டக் கற்றுக்கொண்ட பெண் நீ. நாற்பத்து நான்கு வயதில். அந்தப் பழைய சிவப்புக் காரை வாங்கிக் கொடுத்ததும் உன் வீட்டுக்காரர்தான். "எங்க வீட்டம்மா கார் ஓட்டுறா" என்று எல்லோரிடமும் சொல்லிச் சந்தோஷப்பட்டதும் அவர்தான். பெட்ரோல் மட்டும் ஞாயிற்றுக்கிழமை அவரே கொண்டுபோய்ப் போடுவார். மார்க்கெட், கோயில், மிஞ்சினால் ஆஸ்பத்திரி. "டவுன்ஷிப்புக்குள்ள சுத்த இது போதும்லா" என்பார். சாயங்காலம் வந்ததும் சாவியைப் போட்டுப் பெட்ரோல் முள்ளைப் பார்ப்பார். கத்தமாட்டார், கை ஓங்கமாட்டார். "நேத்தைக்கு இருந்ததுக்கு இன்னைக்கு எறங்கியிருக்கே, எங்க போன?" அவ்வளவுதான் கேட்பார். நீ பதில் சொல்வாய். பிறகு சுவருக்கு இந்தப் பக்கம் வந்து என்னிடம் சொல்வாய்: "கயித்துல கட்டுன மாடு மாதிரிதான்டீ. நீளம் எவ்வளவுன்னு எனக்குத் தெரியும்."

உன் மகள் நித்யா குறிஞ்சிப்பாடியில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போனபின் அவள் பேரை உங்கள் வீட்டில் சொல்லக்கூடாது என்றாகிவிட்டது. உன் போனை அவர் பார்ப்பார் என்பதால் குழந்தை பிறந்த போட்டோ என் போனுக்குத்தான் வந்தது. என் அடுப்படியில் நின்று அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாய்.

நித்யா போய் மூன்று வருஷம், குழந்தைக்கு நாலு மாசம் ஆகியிருந்தது. ஒரு புதன்கிழமை பத்து மணிக்கு வந்து, "கெளம்பு, குறிஞ்சிப்பாடி போறோம்" என்றாய்.

"பெட்ரோல்?"

"ஞாயித்துக்கிழமைலேருந்து வண்டிய எடுக்கவே இல்ல. போய்ட்டு வர்ற அளவுக்குச் சேத்து வச்சிருக்கேன்."

பஸ்ஸில் போனால் அவருக்குத் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். அதனால்தான் கார்.

வடலூரில் மாட்டிக்கொண்டோம். நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். முன்னால் லாரி, பின்னால் பஸ், பக்கத்தில் ஒரு டிராக்டர். கதவைத் திறக்கக்கூட இடமில்லை. ஏசியை அணைத்தாய். கண்ணாடியை இறக்கினால் புகை, ஏற்றினால் வேக்காடு. பத்தடி நகர்வதற்கு ஒருமுறை எஞ்சினைப் போட்டு, உடனே அணைத்தாய். என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. ஒன்றேகால் மணி நேரம் இப்படியே போனது. கூட்டம் விலகியபோது விளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.

கொஞ்ச தூரத்தில் பங்க் தெரிந்தது. "நான் போடுறேன்" என்றேன்.

"எறங்குனாக்கூட கோயிலு, ஆஸ்பத்திரின்னு சொல்லிக்கலாம். போட்டு நேத்தைக்கு விட முள்ளு ஏறிட்டா? ஏறுனதுக்கு என்ன பதில் சொல்றது?"

"கொஞ்சமா போடலாம்."

"கொஞ்சம்னா? அவர் கண்ணுக்குத் தெரியாத அளவு எவ்வளவு? நீயே சொல்லு."

பயந்துபோயிருந்தேன். "அப்ப திரும்பிடு. இப்பத் திரும்புனா வீடு போய்ச் சேந்துடலாம். சாருக்குத் தெரிஞ்சா எங்க வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம்."

சார் என்றேன். அதுவரை உன்னிடம் உன் வீட்டுக்காரரை அப்படிச் சொன்னதே இல்லை.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "மூணு வருஷமா திரும்பிக்கிட்டுதான் இருக்கேன்" என்று சொல்லி கியரைப் போட்டாய். பங்க்கைத் தாண்டினோம்.

குறிஞ்சிப்பாடிக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது வண்டி இரண்டு தரம் குலுங்கி நின்றது. இரண்டு பக்கமும் நெல்வயல். நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீ வண்டியைப் பூட்டிவிட்டு நடந்தாய். நானும் வேறு வழியில்லாமல் பின்னால் வந்தேன்.

நித்யாவின் மாமியார் தறியிலிருந்து எழுந்து வந்தார். "வாங்க, உள்ள வாங்க. கொழந்தயக் குளிப்பாட்டிக்கினு இருக்குது உங்க பொண்ணு." நித்யா ஈரக்கையோடு ஓடிவந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நீ அழவில்லை. தரையில் உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கினாய். அதன் உள்ளங்காலைத் தடவிக்கொண்டே இருந்தாய். பிறகு போனை எடுத்து நீயே அவருக்கு அடித்தாய்.

"வண்டி ரோட்டுல நிக்குது. பெட்ரோல் தீந்துடுச்சு. நான் நித்யா வீட்டுல இருக்கேன். கொழந்த உங்க ஜாடை."

அவர் சாயங்காலம் கேனில் பெட்ரோலோடு வந்தார். தெருவுக்குள் வரவில்லை. முனையில் நின்று சாவிக்குக் கை நீட்டினார். பெட்ரோலை ஊற்றி நம்மை ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டி வந்தார். அடுத்த மாசம் வண்டியை விற்றார். என் வீட்டுக்காரரிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. நடந்ததெல்லாம் உனக்குத்தான். மறுவருஷம் அவர் ரிட்டயர் ஆனார். குவார்ட்டர்ஸைக் காலி செய்து உன்னைத் திருநெல்வேலிப் பக்கம் அவர் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். எப்போதாவது அங்கே கடைக்கார அம்மாள் போனிலிருந்து என்னிடமோ நித்யாவிடமோ பேசுவாய். குழந்தை நடக்கிறதா, பல் முளைத்ததா என்றுதான் கேட்பாய். ஒருநாள் நெஞ்சுவலி என்றார்கள். நித்யா பஸ் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது நான் மாசம் ஒருதரமாவது குறிஞ்சிப்பாடி போகிறேன். நித்யாவின் பேச்சே அந்த ஊர்ப் பேச்சாகிவிட்டது, பாட்டியை ஆயா என்கிறாள். எனக்குத்தான் முதலில் இலை போடுவாள். போன தடவை தன் மகளை என் பக்கம் தள்ளி, "இவங்கதான் உங்க ஆயாவ நம்ம வூட்டுக்குக் கூட்டிக்கினு வந்தாங்க. ஆயா பயந்துபோயி திரும்பிடலாம்னு சொல்லிச்சாம். இவங்கதான் திரும்பாத, போன்னு சொன்னாங்களாம்" என்றாள்.

"அப்படி இல்ல நித்யா" என்றேன்.

"எங்ககிட்டயே மறைக்கிறீங்களா? அம்மாவே போன்ல சொல்லிச்சு."

தலையைக் குனிந்து சாப்பிட்டேன். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்க நீ இல்லை. உண்மையை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.