ராஜாமணி சொல்லாத பெயர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பக்கவாதம் வந்ததிலிருந்து என் மனைவி ராஜாமணிக்குச் சொற்கள் சரியாக வருவதில்லை. கோவை ஆஸ்பத்திரியில் தலையில் ஈரப் பஞ்சு வைத்து, லேசாகக் கரண்ட் கொடுத்தபடி, படங்களைக் காட்டிப் பெயர் கேட்கிறார்கள். "கரண்டைக் கூட்டி வெச்சா சீக்கிரம் முடியுமுங்களா?" என்று கேட்டேன். "இது பம்ப் செட் இல்லீங்க," என்றார் டாக்டரம்மா.

இன்று சீப்பு, குடை எல்லாம் தடுமாறாமல் சொன்னாள். கடைசியில் டாக்டரம்மா என்னைக் காட்டி, "இவரு பேரென்னங்கம்மா?" என்றார். ராஜாமணி தலையைக் குனிந்துகொண்டாள். என்னை மறந்துவிட்டாளோ என்று பயந்தேன்.

"தெரியலீங்களா?"

ராஜாமணி முறைத்தாள். "நல்லாத் தெரியும் கண்ணு. ஊட்டுக்காரரு பேரை வாயால சொல்லுவாங்களா?"

மூன்று மாதத்தில் அவள் இவ்வளவு நீளமாகப் பேசியதே இல்லை. அந்த அறையிலேயே அழுதுவிட்டேன். என் பெயரை அவள் சொல்லாமலே இருக்கட்டும். இன்று தூக்கம் வரும்.